நான்கு யூரோ மிச்சத்தின் முன்கதை

2012 ஜனவரி 10ஆம் தேதி பிரான்சில் ஃப்ரீ நிறுவனம் செல்பேசிச் சேவையைத் தொடங்கியது. அன்று அறிவித்த திட்டங்கள் இரண்டே இரண்டு. அளவில்லாப் பேச்சு, அளவில்லாக் குறுஞ்செய்தி, 3 ஜிபி டேட்டா மூன்றும் சேர்ந்து மாதம் 19.99 யூரோ. அந்த நிறுவனத்தின் ஃப்ரீபாக்ஸ் இணைய இணைப்பை ஏற்கெனவே வீட்டில் வைத்திருப்பவருக்கு அதுவே 15.99. அறுபது நிமிடப் பேச்சும் அறுபது குறுஞ்செய்தியும் போதும் என்பவருக்கு 2 யூரோ. ஃப்ரீபாக்ஸ் வீட்டாருக்கு அதுவும் கிடையாது, இலவசம். வீட்டு இணையத்தையும் செல்பேசியையும் ஒரே இடத்தில் வாங்கினால் காசு மிச்சமாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஆனாலும் இந்த நான்கு யூரோவைச் சேர்த்து விற்றதன் பலன் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் கதையில் பாதி விட்டுப்போகும். அதற்கு முன் பத்தாண்டுகளுக்கு மேலாக சட்டமும் ஒழுங்குமுறை ஆணையமும் அந்த நாட்டில் பலவற்றைப் பிரித்து வைத்திருந்தன. அந்தப் பிரிவினை நடந்திராவிட்டால் இந்தச் சேர்க்கையால் வாடிக்கையாளருக்கு ஒரு காசும் மிஞ்சியிருக்காது என்பதே என் வாதம்.

முதலில் பிரிந்தது கம்பி. பிரான்சில் தொலைபேசி வெகுகாலம் அரசின் கையில் இருந்தது. 1980களில் வீட்டுக்கு வீடு மினிடெல் என்ற சிறிய திரைக்கருவியை இலவசமாகக் கொடுத்து, பார்த்த நேரத்துக்கான கட்டணத்தைத் தொலைபேசி பில்லிலேயே சேர்த்து வாங்கிய நாடு அது. கருவி, கம்பி, சேவை, பில் எல்லாம் ஒரே வாசலில் கிடைத்தன. வேறு வாசல் இல்லாததால் விலை பேச இடமில்லை. 1998 ஜனவரி 1 அன்று பிரான்ஸ் டெலிகாமின் ஏகபோகம் சட்டப்படி முடிந்தது. ஆனால் வீடுகளுக்குள் போகும் செம்புக் கம்பி முழுவதும் அதனிடமே இருந்தது. அதற்குப் போட்டியாக இன்னொருவர் தெருத்தெருவாகப் பள்ளம் தோண்டிக் கம்பி இழுக்க முடியாது. 2001 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி இந்த முடிச்சை அவிழ்த்தது: கம்பியின் சொந்தக்காரர் அதைப் போட்டியாளருக்கும் நியாயமான வாடகைக்கு விட வேண்டும்.

தொலைபேசி எக்ஸ்சேஞ்சுக்குள் பார்த்தால் இந்தப் பெரிய சட்டம் மிகச் சிறிய வேலையாகத் தெரியும். சுற்றுவட்டாரத்து வீடு ஒவ்வொன்றிலிருந்தும் வரும் மெல்லிய செம்புக் கம்பி இணை, அங்கே ஆள் உயரத்தைத் தாண்டிய இரும்புச் சட்டத்தில் வரிசையாக வந்து முடியும். ஒரு வீட்டுக்காரர் நிறுவனம் மாறினால் ஊழியர் ஒருவர் அந்த வீட்டின் இணைப்பைப் பழைய கருவியிலிருந்து எடுத்து, அதே கட்டடத்தில் போட்டியாளர் வாடகைக்கு எடுத்த இடத்தில் நிற்கும் கருவிக்குக் கொண்டுபோய்ச் செருகுவார். தெருவில் ஒரு கல்லைக்கூடப் பெயர்க்க வேண்டாம். வாடகை எவ்வளவு என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. பிரான்ஸ் டெலிகாம் கேட்ட தொகையில் யாரும் தொழில் நடத்த முடியாத நிலை இருந்ததால், 2002இல் ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டு அதைக் கணிசமாகக் குறைக்க வைத்தது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில், மினிடெல் காலத்திலேயே தொழிலுக்கு வந்த க்ஸாவியே நியெலின் ஃப்ரீ நிறுவனம் மாதம் 29.99 யூரோவுக்கு ஃப்ரீபாக்ஸைக் கொண்டுவந்தது. இரண்டு நிகழ்வுகளும் ஒரே ஆண்டில் நடந்தது தற்செயல் அல்ல.

அடுத்த ஆண்டே அந்தப் பெட்டியில் தொலைபேசியும் தொலைக்காட்சியும் ஏறின; விலை மட்டும் ஏறவில்லை. முழுக் கம்பியையும் வாடகைக்கு எடுக்கும் முறை பரவிய பிறகு, பிரான்ஸ் டெலிகாமுக்குத் தனியாகக் கட்டிவந்த மாத வாடகையும் பல வீடுகளுக்கு நின்றது. மூன்று சேவைக்கு 30 யூரோ என்பது சில ஆண்டுகளில் நாட்டின் வழக்கமான விலையாகவே ஆகிவிட்டது. இதில் வரிச் சலுகையின் பங்கையும் மறைக்கக் கூடாது. தொலைக்காட்சி சேர்ந்திருந்ததால் மொத்தக் கட்டணத்தில் பாதிக்கு 5.5 சதவீத மதிப்புக்கூட்டு வரிதான் விதிக்கப்பட்டது. 2011இல் அந்தச் சலுகை போனதும் ஃப்ரீ தொலைக்காட்சியைத் தனியே பிரித்து 1.99 யூரோ விலை வைத்தது. சேர்த்து விற்பதில் வரும் மிச்சத்தில் ஒரு பகுதி அரசு விட்டுக்கொடுத்த வரியாகவும் இருக்கலாம்.

செல்பேசிப் பக்கம் நிலைமை நேர்மாறு. ஆரஞ்ச், எஸ்எஃப்ஆர், பூயிக் என்று மூன்றே நிறுவனங்கள். இவை ரகசிய விவரங்களைப் பரிமாறிக்கொண்டதற்காகவும் சந்தையைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டதற்காகவும் 2005இல் போட்டி ஆணையம் மொத்தம் 534 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது. வாடிக்கையாளர் ஒரு யூரோவுக்குப் புதுக் கருவி வாங்கினால் 24 மாத ஒப்பந்தத்தில் சிக்கினார். கருவியின் விலை எவ்வளவு, பேச்சின் விலை எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லை. 2008இல் வந்த ஷாதெல் சட்டம், ஓராண்டு முடிந்தபின் விலகுபவர் மீதித் தொகையில் கால் பங்குக்கு மேல் கட்ட வேண்டியதில்லை என்றது. 2009 இறுதியில் நான்காவது உரிமம் 240 மில்லியன் யூரோவுக்கு ஃப்ரீக்குக் கிடைத்தது. கம்பி பிரிந்ததுபோல இங்கே ஒப்பந்தக் கட்டும் தளர்ந்தது. நான்காவது வாசலும் திறந்தது. நான்காமவர் வருகிறார் என்று தெரிந்ததுமே, 2011இல், பழைய மூவரும் ஒப்பந்தமில்லா மலிவுத் திட்டங்களைத் தனிப் பெயர்களில் இறக்கினார்கள். ஃப்ரீ ஒரு சிம் விற்பதற்கு முன்பே விலை இறங்கத் தொடங்கிவிட்டது.

அப்படியானால் சேர்த்து விற்பதில் உண்மையான செலவுக் குறைவே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, அதை மறுப்பது நேர்மையாகாது. ஃப்ரீபாக்ஸ் ஒவ்வொன்றும் வீட்டுக்காரரின் வைஃபையோடு மற்ற ஃப்ரீ சந்தாதாரர்களுக்கான இன்னொரு வைஃபையையும் பரப்பியது. ஃப்ரீ சிம் போட்ட செல்பேசி கடவுச்சொல் கேட்காமல், சிம்மையே அடையாளமாகக் காட்டி அதில் இணைந்துகொண்டது. நெரிசலான பாரிஸ் அடுக்ககங்களில் அப்படி நகர்ந்த டேட்டா, கோபுரத்துக்குப் போகாமல் ஏற்கெனவே வாடகை கட்டிய கம்பி வழியாகவே போனது. அதோடு தெரிந்த வாடிக்கையாளரைப் பிடிக்க விளம்பரச் செலவு குறைவு. நான்கு யூரோவைக் குறைக்க நிறுவனத்துக்கு இவையெல்லாம் இடம் தந்தன. ஆனால் அந்தக் குறைவை வாடிக்கையாளரிடம் சேர்க்கும்படி அதை நெருக்கியது போட்டி. 2009இலேயே பூயிக் நான்கு சேவையையும் ஒரே திட்டத்தில் 44.90 யூரோவுக்கு விற்றது. அப்போது சந்தையில் மூவர்தான் இருந்தார்கள். செல்பேசிக் கட்டணம் நாடு முழுக்கச் சரிந்துவிடவில்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபணை வேறொன்று. எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்தில் வாங்கிய குடும்பம் பிறகு வெளியே வர முடியாமல் போகும் என்பது அது. பிரெஞ்சுப் போட்டி ஆணையமே 2010 ஜூனில் தந்த கருத்துரையில் இதை எச்சரித்தது. கணவரின் ஒப்பந்தம் மார்ச்சில் முடியும், மனைவியுடையது செப்டம்பரில், மகளுடையது அடுத்த ஆண்டில், பெட்டியின் ஒப்பந்தம் வேறொரு மாதத்தில். ஒன்றை மட்டும் மாற்றினால் தள்ளுபடி போகும். எல்லாவற்றையும் மாற்றினால் அபராதம் விழும். இந்த அச்சம் முழுக்க நியாயமானது. என் வாதத்துக்கு வலு சேர்ப்பதும்கூட. ஃப்ரீ 2012இல் கொடுத்த செல்பேசித் திட்டங்களில் ஒப்பந்தக் காலமே இல்லை, விரும்பிய மாதம் விலகலாம். விலகும் வழி திறந்திருந்ததால்தான் நான்கு யூரோ தள்ளுபடியாக இருந்தது. அந்த வழியை அடைத்துவிட்டால் அதே நான்கு யூரோ பூட்டுக்கான விலையாகிவிடும்.

தள்ளுபடி பெறாதவர் தலையில் அந்தச் சுமை ஏறியதா என்றும் பார்க்க வேண்டும். தனி வாடிக்கையாளர் கட்டிய 19.99 யூரோவே அன்றைய போட்டியாளர்களின் அளவில்லாத் திட்டங்களைவிட வெகுவாகக் குறைவு. எனவே ஏறவில்லை. மற்ற நிறுவனங்களின் ஊழியர்கள் விலை கொடுத்தார்கள் என்பது உண்மை. எஸ்எஃப்ஆரும் பூயிக்கும் அந்த ஆண்டே ஆட்குறைப்பை அறிவித்தன. அந்த இழப்பைச் சிறிதென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மூவர் கூடிக் காத்த விலையின் மேல் எழுந்த வேலைகளை அந்த விலையைக் கொண்டே என்றென்றும் காப்பாற்றியிருக்க முடியாது.

இந்தியா இதே சந்திப்பில் வேறு பாதையில் போனது. செம்புக் கம்பியைப் போட்டியாளருக்கும் திறந்துவிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2004 ஏப்ரலில் பரிந்துரைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த பிராட்பேண்ட் கொள்கை அதைக் கட்டாயமாக்காமல் நிறுவனங்களின் பரஸ்பர உடன்பாட்டுக்கு விட்டுவிட்டது. பிஎஸ்என்எல்லின் கம்பி பிஎஸ்என்எல்லிடமே இருந்தது. நம் ஊரில் விலை விழுந்தது கம்பி வழியாக அல்ல, காற்று வழியாக: 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்த பிறகு. வீட்டு இணையத்தோடு செல்பேசியையும் ஒரே பில்லில் சேர்க்கும் ஏர்டெல் பிளாக் போன்ற திட்டங்கள் வந்தது 2021இல், செல்பேசிச் சந்தை இரண்டு பெரிய தனியார் நிறுவனங்களைச் சுற்றிச் சுருங்கிய பிறகு. பிரான்சில் மலிவைத் தந்த வரிசை இங்கே தலைகீழாகியிருப்பது எனக்குக் கவலை தருகிறது.

பிரான்சிலும் அந்த நான்கு வாசல்கள் தாமாக நிலைத்துவிடவில்லை. 2016இல் ஆரஞ்ச் பூயிக்கை வாங்கப் பேசிய பேச்சு ஏப்ரல் தொடக்கத்தில் முறிந்ததால் நால்வர் நால்வராகவே இருந்தார்கள். 2025 அக்டோபரில் பூயிக், ஃப்ரீ, ஆரஞ்ச் மூன்றும் சேர்ந்து எஸ்எஃப்ஆரின் பெரும்பகுதியை 17 பில்லியன் யூரோவுக்குக் கேட்டன. அதன் உரிமையாளரான ஆல்டிஸ் உடனே மறுத்தது. பழைய மூவர் சந்தையை உடைக்க வந்த நிறுவனமே, இம்முறை நால்வரை மூவராக்கக் கேட்டவர்களில் ஒன்று.