செவிலியர் தேர்வும் நுண்ணறிவு ஈவும்

ஐ.க்யூ. என்று பரவலாக அறியப்படும் நுண்ணறிவு ஈவு, இந்தியாவில் செவிலியர் படிப்பில் சேர்வதற்கான தகுதிகளில் ஒன்று அல்ல. எனினும் செவிலியராக விரும்பும் ஒருவருக்கு எவ்வளவு அறிவு வேண்டும், அதை எதைக்கொண்டு அளப்பது என்ற கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. பிளஸ் டூ முடித்த பெண்கள் தொழிற்சாலை வேலைக்கும் மேற்படிப்புக்கும் நடுவே முடிவெடுக்கும் சுங்குவார்சத்திரம் போன்ற ஊர்களில் இக்கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது.

குணமே தகுதியாக இருந்த காலம்

புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நிறுவிய பயிற்சிப் பள்ளியில் ஒவ்வொரு மாணவிக்கும் மாதந்தோறும் மதிப்பீட்டுத் தாள் எழுதப்பட்டது. நேரந்தவறாமை, அமைதி, நம்பகத்தன்மை, தூய்மை ஆகிய குணங்களோடு, புண்ணுக்குக் கட்டுப் போடுவது போன்ற கைத்திறன்களும் அதில் குறிக்கப்பட்டன.

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-ல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடரின் மருத்துவமனையில் 1909-ல் டெலியா ஹோட்டன் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1926-ல் சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் இயற்றப்பட்டது. 1946-ல் வேலூரிலும் டெல்லியிலும் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கியது.

நுண்ணறிவுச் சோதனையின் வருகை

1905-ல் பாரிஸில் ஆல்பிரட் பினே, தியோடோர் சிமோன் இருவரும் நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கினர். பள்ளியில் தனி உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிவதே அதன் நோக்கம். 1916-ல் அமெரிக்காவின் லூயிஸ் டெர்மன் அதைத் திருத்தி வெளியிட்டார். மன வயதை உண்மை வயதால் வகுத்து, நூறால் பெருக்கிக் கிடைக்கும் எண் நுண்ணறிவு ஈவு எனப் புகழ்பெற்றது. 1920-களில் அமெரிக்கச் செவிலியர் பள்ளிகள் சிலவும் மாணவியரைத் தேர்ந்தெடுக்க இத்தகைய சோதனைகளைப் பயன்படுத்திப் பார்த்தன.

இந்தியாவில் லாகூரைச் சேர்ந்த ஹெர்பர்ட் ரைஸ் 1929-ல் இந்துஸ்தானி வடிவத்தை வெளியிட்டார். வி. வி. காமத் கன்னடம், மராத்தி பேசும் குழந்தைகளுக்கு ஏற்றவாறு சோதனையை மாற்றியமைத்தார். மொழியும் பள்ளிப் படிப்பும் மாறினால் கேள்விகளும் மாறியாக வேண்டும் என்பதை இம்முயற்சிகளே காட்டின.

எண்ணிக்கை எழுப்பிய கேள்வி

இந்தியாவின் சிக்கல் வேறாக இருந்தது. 1946-ல் அறிக்கை அளித்த போர் குழு, சுமார் 43,000 பேருக்கு ஒரு செவிலியர் என்ற நிலை இருப்பதைச் சுட்டிக்காட்டியது. நடுநிலைப் பள்ளி முடித்தவர்களுக்கு ஒரு நிலையும் மெட்ரிகுலேஷன் முடித்தவர்களுக்கு மற்றொரு நிலையுமாகப் பயிற்சி தர அது பரிந்துரைத்தது. 1950-களில் துணைச் செவிலியர் பயிற்சி தொடங்கியபோதும் நடுநிலைப் பள்ளிப் படிப்பே நுழைவுத் தகுதி. வாசலை உயர்த்தியிருந்தால் கிராமங்களில் பிரசவம் பார்க்கவும் தடுப்பூசி போடவும் ஆள் கிடைத்திருக்காது.

இன்றைய நிலை

இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிப்படி, பி.எஸ்சி. நர்சிங் சேர, பொதுப் பிரிவினர் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களில் 45 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும். ஆங்கிலத்திலும் தேர்ச்சி வேண்டும். பட்டயப் படிப்புக்கு 40 விழுக்காடு போதும்; அறிவியல் பிரிவு கட்டாயமில்லை. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் அரசு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண், இடஒதுக்கீடு அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2023-ல் இயற்றப்பட்ட தேசிய நர்சிங், மருத்துவச்சி ஆணையச் சட்டம், நாடு முழுவதும் சீரான சேர்க்கை முறையைக் கோருகிறது.

அறிவுக்கு இப்பணியில் இடமில்லை என்று இதற்குப் பொருளல்ல. 500 மில்லி குளுக்கோஸை நான்கு மணி நேரத்தில் ஏற்றச் சொல்கிறார் மருத்துவர். ஒரு மில்லிக்கு 15 சொட்டு விழும் குழாய் என்றால், நிமிடத்துக்குச் சுமார் 31 சொட்டு என்று செவிலியர் கணக்கிட வேண்டும். மருந்து அளவில் ஒரு புள்ளி இடம் மாறினால் நோயாளிக்குப் பத்து மடங்கு மருந்து போய்விடும். ஆனால் இது பயிற்சியால் வரும் கணக்கு. ஒவ்வொரு முறையும் சரிபார்க்கும் பழக்கத்தால் காக்கப்படும் கணக்கு. நுண்ணறிவுச் சோதனை ஒருவர் பாடத்தை எவ்வளவு எளிதாகக் கற்பார் என்பதை ஓரளவு கணிக்கலாம். நள்ளிரவில் நோயாளியின் மூச்சு மாறுவதைக் கவனித்து மருத்துவரை எழுப்புவாரா என்பதை அது சொல்லாது. நைட்டிங்கேலின் மாதாந்திரத் தாள் கேட்டது அதைத்தான்.

சுங்குவார்சத்திரத்தில்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள சுங்குவார்சத்திரத்தைச் சுற்றிய மின்னணுத் தொழிற்சாலைகளில் ஏராளமான இளம்பெண்கள் பணிபுரிகின்றனர். கம்பெனி வாசலில் காட்டும் பிளஸ் டூ சான்றிதழே நர்சிங் கல்லூரிக்கும் வழி. அறிவியல் பிரிவு படிக்காதவருக்கும் பட்டயப் படிப்பு திறந்திருக்கிறது. அங்கு ஒரு பெண் செவிலியராவதைத் தடுப்பது பணமாகவோ, குடும்பச் சுமையாகவோ, தெரியாமையாகவோ இருக்கலாம். நுண்ணறிவு ஈவு அந்தத் தடைகளில் ஒன்றல்ல.