பேசாதிருப்போரின் சுமை

கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் 1908-ஆம் ஆண்டு அக்னர் க்ராருப் ஏர்லாங் என்னும் கணித அறிஞர் பணியில் சேர்ந்தார். அவர்முன் இருந்த வினா கேட்பதற்கு எளியது: ஊரார் பேசுவதற்கு எத்தனை இணைப்புத் தடங்கள் வேண்டும்? ஆளுக்கொரு தடம் என்றால் நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகாது. குறைத்தாலோ மக்கள் காத்துக் கிடப்பர். ஒழுங்கின்றி வருவனபோல் தோன்றும் அழைப்புகளுக்கும் நிகழ்தகவுக் கணக்கு ஒன்று பொருந்துமென்று 1909-இல் அவர் எழுதிய கட்டுரை காட்டியது. மணிக்கு 20 அழைப்புகள், ஒவ்வொன்றும் 3 நிமிடம் என்றால் ஒரு தடம் முழுதும் நிறையும். அந்த அளவுக்குப் பிற்காலத்தார் 'ஏர்லாங்' என்றே பெயரிட்டனர். தொலைபேசியில் பேச்சுதான் சுமை. பேசாதவர் கணக்கில் வரமாட்டார்.

உடனடிச் செய்தி வழங்கியில் இக்கணக்கு தலைகீழாகிறது. ஒருவர் ஒரு சொல்லும் தட்டாமல் நாள் முழுதும் இணைந்திருக்கலாம். ஆயினும் வழங்கி அவரை நினைவில் வைத்திருக்க வேண்டும். அவர் வந்ததையும் போனதையும் நண்பர் ஒவ்வொருவருக்கும் அறிவிக்க வேண்டும். இந்த அறிவிப்பை 'இருப்பு' என்று தமிழாக்கலாம். (சிற்றிதழ் வாசகர்களுக்கு அச்சொல் வேறு நினைவுகளைக் கிளறும், பொறுத்தருள்க.) ஆளுக்கு 50 நண்பர்கள் உடைய 10,000 பேர் தமக்குள் இணைந்தால், எவரும் 'வணக்கம்' சொல்லுமுன்பே ஏறத்தாழ 5 இலட்சம் அறிவிப்புகள் பறந்திருக்கும். வழங்கி ஒருமுறை நின்று மீண்டால், அத்தனையும் ஒரே நேரத்தில் வந்து மோதும்.

ஜெரமி மில்லர் 1999 ஜனவரியில் அறிவித்த ஜாபர், எவரும் தமக்கென ஒரு செய்தி வழங்கியை நிறுவ வழிசெய்தது. அதற்குச் சற்றுமுன் சுவீடனில் ஒரு விந்தை நிகழ்ந்திருந்தது. தொலைபேசி நிலையங்களுக்கென எரிக்ஸன் ஆய்வகத்தில் 1986 முதல் ஜோ ஆம்ஸ்ட்ராங் முதலியோர் வளர்த்த நிரல்மொழிக்கு ஏர்லாங்கின் பெயரே இடப்பட்டிருந்தது. 1998 பிப்ரவரியில் எரிக்ஸனின் வானொலிப் பிரிவு புதிய பணிகளில் அம்மொழிக்குத் தடை விதித்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே அது திறந்த மூலமாக உலகுக்கு வழங்கப்பட்டது. சொந்த வீட்டில் விலக்கப்பட்டது ஊருக்குப் பொதுவாயிற்று. அலெக்ஸி ஷெபின் 2002-இல் அம்மொழியில் ஈஜாபர்டி என்னும் வழங்கியை எழுதத் தொடங்கினார். இணையும் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு சிறு இயக்கம் தனியே உண்டு. ஒன்று மடிந்தால் மற்றவை மடிவதில்லை.

எனினும் மொழியின் வலிமை மட்டும் போதாது. லினக்ஸில் ஒரு நிரல் திறக்கக்கூடிய கோப்புகளுக்கு வழக்கமான எல்லை 1,024. இணைப்பும் கோப்பாகவே எண்ணப்படும். இதை உயர்த்த மறந்தால் இயந்திரம் சும்மா இருக்க, ஆயிரத்துச் சொச்சம் பேரோடு கதவு அடைபடும். ஈஜாபர்டியின் அக்காலத்து அமைப்புக் கோப்பில் இன்னொரு கண்ணியும் உண்டு: சாதாரணப் பயனருக்கு நொடிக்கு 1,000 பைட் என்னும் வேகத்தடை. இதை அறியாமல் சோதிப்பவர், தடையின் மெதுவை வழங்கியின் மெதுவாகக் கொள்வார். அமைப்புக் கோப்பைப் படிக்காத சோதனை, மூலத்தைப் பாராத உரைக்குச் சமம் என்பது என் எண்ணம்.

ஜாபர் வழங்கிகளைச் சோதிக்கவே 2001-இல் நிக்கோலா நிக்லோஸ் ஒரு கருவி செய்தார். இப்போது அதன் பெயர் சங். முற்பெயரில் 'சுனாமி' என்ற சொல் இருந்தது. 2004 டிசம்பருக்குப் பின் நம் கடற்கரையில் எவரும் அப்பெயரை விளையாட்டாக வைக்கமாட்டார். நான்கு கணினிகளைக் கொண்டு 90,000 கற்பனைப் பயனர்களை அது ஒரே நேரத்தில் இயக்கியிருக்கிறது. மனிதர்போல் நடிக்க அவர்களுக்குத் தயக்கம் வேண்டுமல்லவா? ஒரு செயலுக்கும் அடுத்ததற்கும் இடையே அவர்கள் காக்கும் மௌனம் நிகழ்தகவின்படி அமைகிறது. 1909-இல் கோபன்ஹேகனில் பயன்பட்ட அதே வகைக் கணக்கு.

ஆனால் நடிப்பு நடிப்பே. ஈஜாபர்டியை அடித்தளமாகக் கொண்டு எழுந்த வாட்ஸ்அப்பில், ஒரு வழங்கிக்கு 2 இலட்சம் இணைப்புகள் என்ற நிலையிலிருந்து 28 இலட்சம் வரை சென்ற கதையை அதன் பொறியாளர் ரிக் ரீட் 2012-இல் விவரித்தார். கற்பனைப் பயனர்களோடு அவர்கள் நிற்கவில்லை. மெய்யான மக்களின் போக்குவரத்தையே கிளை பிரித்து, பிரதியொன்றைச் சோதனை வழங்கிக்குத் திருப்பினர். அந்த வழங்கியிலிருந்து எச்செய்தியும் எவரையும் இரண்டாம் முறை சென்றடையாதபடி காப்பதுதான் அதில் அவர்கள் கொள்ள வேண்டியிருந்த பெருங்கவனம்.