பாராசிட்டமால் – இபுப்ரோஃபென் மாற்றுமுறை

பாராசிட்டமால் – இபுப்ரோஃபென் மாற்றுமுறை என்பது திடீர் வலியைத் தணிக்க இவ்விரு மருந்துகளையும் இடைவெளி விட்டு மாறிமாறி உட்கொள்ளும் வழக்கம். பல் பிடுங்கிய பின்னும், கால் சுளுக்கிக்கொண்டாலும், சிறு அறுவைக்குப் பின்னும் முதல் சில நாள்களுக்கு இது கையாளப்படுகிறது.

இரண்டும் வேறுவேறு வழியில் வேலை செய்வதே இதற்கு அடிப்படை. அடிபட்ட இடத்தில் வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டகிளாண்டின்கள் உருவாகாமல் தடுப்பது இபுப்ரோஃபென். இங்கிலாந்தின் பூட்ஸ் நிறுவனத்தில் ஸ்டூவர்ட் ஆடம்ஸ் குழுவினர் கண்டறிந்த இம்மருந்து, அந்நாட்டில் 1969இல் மருத்துவர் சீட்டுடனும் 1983இல் சீட்டில்லாமலும் விற்பனைக்கு வந்தது. பாராசிட்டமால் பெரும்பாலும் மூளையிலும் தண்டுவடத்திலும் செயல்படுகிறது. வீக்கம் அதற்கு அவ்வளவாகக் கட்டுப்படாது. பாராசிட்டமாலை இலங்கையில் பனடோல் என்றால்தான் பலருக்கும் புரியும்.

வயதுவந்த ஒருவர் காலை 6 மணிக்குப் பாராசிட்டமால் 650 மி.கி., 9 மணிக்குச் சாப்பிட்டபின் இபுப்ரோஃபென் 400 மி.கி., நண்பகல் 12 மணிக்கு மீண்டும் பாராசிட்டமால் எனத் தொடர்வதாகக் கொள்வோம். மூன்று மணிக்கொரு மாத்திரை விழுங்கினாலும், ஒவ்வொரு மருந்துக்கும் ஆறு மணி நேர இடைவெளி கிடைத்துவிடுகிறது. ஆனால் இரவு 9 மணி வேளையோடு இபுப்ரோஃபென் 1200 மி.கி. ஆகிவிடும். மருத்துவர் சொல்லாமல் ஒரு நாளில் அதற்கு மேல் போகக் கூடாது. ஆகவே பின்னிரவு 3 மணி வேளையை விட்டுவிட வேண்டும். பாராசிட்டமாலின் உச்ச அளவு நாளொன்றுக்கு 4000 மி.கி.; கல்லீரல் நோயாளிகளுக்கும் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் இன்னும் குறைவு.

நியூயார்க்கில் கைகால் வலியோடு அவசரப் பிரிவுக்கு வந்த 411 பேரிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. இவ்விரு மருந்துகளும் சேர்ந்து, இரண்டு மணி நேரத்தில், ஓபியாய்டு (அபினி வகை வலிநிவாரணி) கலந்த மாத்திரைகளுக்கு ஈடாகவே வலியைக் குறைத்தன. அங்கே இரண்டும் ஒரே நேரத்தில் தரப்பட்டன என்பதைக் கவனிக்க வேண்டும். பலன் இரண்டையும் பயன்படுத்துவதில்தான் இருக்கிறது. மாறிமாறி எடுப்பது ஒரு மருந்தின் வீரியம் குறையும் நேரத்தில் மற்றது கைகொடுக்கும் வசதிக்காக மட்டுமே.

அந்த வசதிக்கு விலை, கணக்குத் தவறுவது. வீட்டில் ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாமல் போகலாம். காம்பிஃப்ளாம் மாத்திரையில் இரண்டு மருந்துகளுமே உள்ளன. சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் இருக்கிறது. குழந்தைகளுக்கான சிரப்புகளின் வீரியமும் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். கொடுத்த நேரத்தைத் தாளில் குறித்துவைப்பதே நல்லது.

வயிற்றுப்புண், சிறுநீரக நோய் உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், 20 வாரம் கடந்த கர்ப்பிணிகளும் தாமாக இபுப்ரோஃபென் எடுக்கக் கூடாது. டெங்கு சந்தேகம் இருந்தால் ரத்தக்கசிவு அபாயம் கருதி இபுப்ரோஃபெனை அறவே தவிர்க்க வேண்டும். பாராசிட்டமால் அளவு மீறினால் முதல் நாளில் அறிகுறி எதுவும் தெரியாமலே கல்லீரல் பழுதாகலாம். முறிமருந்தான அசிட்டைல்சிஸ்டீன் 8 மணி நேரத்துக்குள் கிடைத்தால்தான் முழுப் பலன் தரும் என்பதால், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.