லாவோஸும் அபர்தீனும்: காலவாயிலின் முன் சில ஐயங்கள்

1995 மார்ச்சில் ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் 'குரோனோ டிரிகர்' என்னும் வீடியோ விளையாட்டை வெளியிட்டது. என்னைவிட வயதில் மூத்த அவ்விளையாட்டை முதுகலை மொழியியல் பயின்ற நாள்களில்தான் முதன்முதலாக ஆடினேன். அந்தமான் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அது ஏன் நினைவுக்கு வருகிறது என்று நண்பர் ஒருவர் கேட்டார். அதற்கான விடையே இந்த நீண்ட பதிவு.

ஹிரோனோபு சகாகுச்சி, யூஜி ஹோரீ, ஓவியர் அகிரா தோரியாமா ஆகியோர் கூடி உருவாக்கிய ஆட்டம் இது. தாயக்கட்டம் போல முறை வைத்து ஆடுவதே இதன் அடிப்படை. ஆனால் ஒவ்வொருவருடைய முறையும் ஓர் அளவுக்கோடு நிரம்பிய பின்னரே வரும். நாம் தயங்கி நின்றால் பகைவர் காத்திருப்பதில்லை. கி.பி. 1000இல் வாழும் இளைஞன் ஒருவன் காலவாயில் வழியாக 2300க்குச் சென்று, பாழடைந்த உலகைக் காண்கிறான். 1999இல் நிலத்தடியிலிருந்து வெளிப்பட்ட லாவோஸ் (நாடன்று, ஓர் அரக்க உயிர்) அவ்வழிவுக்குக் காரணம் என அறிகிறான். அதன்பின் கதை முழுவதும் பழங்காலத்துக்குச் சென்று காரணங்களை மாற்றுவதே.

எனக்கு மிகப் பிடித்தது அதிலுள்ள ஒரு சிறு நிகழ்ச்சி. 600இல் ஒரு வீட்டுப் பெண்ணுக்கு உப்புக்கண்டத்தை விலை வாங்காமல் கொடுத்துவிட்டால், 400 ஆண்டு கழித்து அவள் வழியில் வந்த ஊர்த்தலைவர் கஞ்சத்தனம் நீங்கி ஈகையாளராக மாறிவிடுகிறார். ஒரு காரணம், ஒரு விளைவு. வரலாறு இவ்வளவு நேர்த்தியாக இயங்கினால் எங்கள் துறையில் ஆய்வேடுகளே தேவைப்படா.

இனி அந்தமான். 1858 மார்ச்சில் மருத்துவர் ஜே. பி. வாக்கர் முதல் கைதிகளுடன் போர்ட் பிளேரில் இறங்கினார். அடுத்த மாதமே தப்பியோடிய தூத்நாத் திவாரி என்னும் சிப்பாய் அந்தமானியரிடையே ஏறத்தாழ ஓராண்டு வாழ்ந்தார். அங்கேயே மணமும் முடித்தார். 1859 மே மாதம் அவர்கள் குடியேற்றத்தைத் தாக்கப் புறப்பட்டபோது, திவாரி முந்தி வந்து ஆங்கிலேயரை எச்சரித்தார். அபர்தீன் போரில் வில்லும் அம்பும் துப்பாக்கியின் முன் தோற்றன. திவாரிக்கு மன்னிப்புக் கிடைத்தது.

காலவாயில் இருந்தால் எங்கே போவீர்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் இந்த மே மாதத்தையே சுட்டுவர். திவாரியைத் தடுத்துவிட்டால் போதும் என்பது அவர்கள் எண்ணம். இங்குதான் எனக்கு ஐயம். போர் வெற்றியில் முடிந்திருந்தாலும் கல்கத்தாவிலிருந்து மற்றொரு கப்பல் வந்திருக்கும். 1877இல் பரவிய தட்டம்மை எந்தப் போரின் முடிவையும் பொருட்படுத்தியிராது. 1901 கணக்கெடுப்பில் 625 ஆக இருந்த பெரிய அந்தமானியர் 1961இல் 19 பேராகக் குறைந்தனர். இவ்வழிவுக்கு 1999ஐப் போன்ற ஒற்றை நாள் கிடையாது. ஒரு துரோகியையும் ஒரு நாளையும் தேடிப் பிடிப்பது, நோயும் காடழிப்பும் குடியேற்ற நிருவாகமும் பல பதிற்றாண்டுகளாகச் செய்த வேலையைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. திவாரியை நல்லவர் எனச் சொல்ல வரவில்லை. அவர் தோளில் இவ்வளவு பாரத்தை ஏற்ற இயலாது என்கிறேன்.

மொழியியல் படித்தவள் என்பதால் மற்றொரு குறையையும் சொல்லியாக வேண்டும். ஆறரைக் கோடி ஆண்டுகளைக் கடந்து செல்லும் அவ்விளையாட்டில் எல்லாக் காலத்தாரும் ஒரே மொழி பேசுகின்றனர். கற்காலப் பெண் மட்டும் சற்றுக் கொச்சையாகப் பேசுவாள். தமிழில் 'கின்று' என்னும் நிகழ்கால இடைநிலை பரவலாவதற்கே சங்க காலத்துக்குப் பின் சில நூற்றாண்டுகள் பிடித்தன. அந்தமானிலோ, 150 ஆண்டுகளுக்குள் பத்து மொழிகள் கொண்ட ஒரு குடும்பம், ஜேரோவை அடியாகக் கொண்ட ஒரு கலப்பு மொழியாகச் சுருங்கிற்று. போ மொழியின் கடைசிப் பேச்சாளர் போவா சீனியர் 2010 ஜனவரி 26 அன்று மறைந்தார். 2004 ஆழிப்பேரலைக்குத் தப்பியவர் அவர். அன்விதா அப்பியின் குழு அவர் குரலைப் பதிவு செய்தது. அப்பதிவுகளை எத்தனை முறையும் கேட்கலாம். ஆனால் ஒரு புதிய கேள்வியைப் போ மொழியில் கேட்டு விடை பெற இனி ஆளில்லை.

எனக்கொரு காலவாயில் கிடைத்தால் நானும் 1859க்குத்தான் செல்வேன், போரை மாற்றுவதற்காக அன்று. திவாரி விட்டுவந்த மனைவியைக் கண்டு, நடந்தது என்ன என்று அவள் வாயால் கேட்க வேண்டும். நாம் படிப்பதெல்லாம் திவாரி அதிகாரிகளிடம் சொல்லி, அவர்கள் எழுதி வைத்தது. போர்ட் பிளேரைச் சுற்றிப் பேசப்பட்ட அக்கா-பேயா மொழிக்கு எட்வர்ட் ஹோரஸ் மேன் தொகுத்த அகராதி இருக்கிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு போவேன்.