அபராஜிதனின் தூங்கானையும் அகலக்கோண லென்சும்

திருத்தணி என்றதும் நம்மில் பலருக்கு மலையும் முருகனும் 365 படிகளுமே நினைவுக்கு வரும். எல்லைப் போராட்ட வரலாறு அறிந்தவர்களுக்கு, ஆந்திரத்தோடு இருந்த இவ்வூர் 1960 ஏப்ரல் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்ததும், அதற்காக ம.பொ.சி. பட்ட பாடும் நினைவுக்கு வரலாம். மலையடிவாரத்து ஊரில் நந்தியாற்றங்கரையில் நிற்கும் வீரட்டானேசுவரர் கோயிலை நினைப்பவர் சிலரே. பல்லவர் வரலாற்றின் கடைசிப் பக்கங்களுள் ஒன்று அங்கே கல்லில் எழுதப்பட்டிருக்கிறது.

அபராஜிதவர்மனின் 18ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது அக்கோயிலின் கல்வெட்டு. நம்பி அப்பி என்பார் கருங்கல்லால் இக்கோயிலை எடுப்பித்ததை அதிலுள்ள வெண்பாவொன்று சொல்கிறது. அவ்வெண்பாவைப் பாடியவர் அரசரே என்பதையும் கல்வெட்டே குறித்து வைத்திருக்கிறது. வாழ்நாள் முழுதும் போர்க்களத்தில் நின்று, இறுதியில் ஆதித்த சோழனிடம் அரசை இழந்த ஒருவனின் தமிழ் அது. தமிழ் படித்தவர்களுக்கு இந்த ஒரு செய்தியே போதும், திருத்தணிக்குப் பயணச்சீட்டு எடுக்க.

கோயிலின் வடிவமும் எளிதில் காணக்கிடைப்பதன்று. பின்புறம் அரைவட்டமாக வளைந்து, படுத்திருக்கும் யானையின் முதுகை ஒத்திருக்கும் தூங்கானை விமானம் இது. பாண்டிச்சேரிப் பேராசிரியர் ழுவோ துப்ருயில், பல்லவக் கட்டடக்கலையைக் கட்டங்களாக வகுத்தபோது இறுதிக் கட்டத்திற்கு அபராஜிதன் பெயரையே இட்டார். கூடுகள், போதிகைகள், அரைத்தூண்கள் ஆகியவை காலந்தோறும் எவ்வாறு மாறின என்பதைக் கொண்டு காலம் கணிப்பது அவரது முறை. அம்முறைக்கு அடிப்படை, உறுப்புகளின் வடிவையும் அளவு விகிதத்தையும் உள்ளவாறு காண்பது. கோயிலுக்கு நேரில் செல்ல இயலாத ஆய்வாளருக்கு அதைக் காட்ட வேண்டியது புகைப்படம்தான்.

நம் பேச்சு இங்கேதான் லென்சை நோக்கித் திரும்புகிறது. பழங்கோயில்களில் விமானத்திற்கும் மதிலுக்கும் இடையே பல வேளைகளில் சில மீட்டர் இடமே இருக்கும். சாதாரண 50 மி.மீ. லென்சில் பாதி விமானம்கூட அடங்காது. அகலக்கோண லென்ஸ் வேண்டும் என்று யாவரும் சொல்வர். எத்தனை அகலம் என்பதுதான் கேள்வி.

முன்னோர் இதை எப்படிக் கையாண்டனர் என்று பார்ப்போம். சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராகப் பணியாற்றிய கேப்டன் லின்னேயஸ் டிரைப், 1858இல் மதுரை, திருவரங்கம், தஞ்சை முதலிய இடங்களைப் படமெடுத்தார். மெழுகு பூசிய பெரிய தாள்களே அவருடைய எதிர்மறைப் படங்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைப் பதிவு செய்ய நினைத்தபோது, அவர் ஒரே படத்தில் அனைத்தையும் திணிக்க முயலவில்லை. கருவியைப் படிப்படியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, 21 படிகளை ஒட்டிச் சேர்த்து ஏறத்தாழ 19 அடி நீளப் படமாக்கினார். சில ஆண்டுகளில் ஆளுநர் டிரெவெல்யன் இப்பணியை வீண்செலவென்று நிறுத்திவிட்டார். அந்த 19 அடி நமக்குப் பாடமாக நிற்கிறது.

டிரைப் காலத்துப் பெருங்கருவிகள் பலவற்றில் இன்னொரு வசதியும் இருந்தது. கருவியைச் சாய்க்காமலே லென்ஸ் பலகையை மட்டும் மேலே உயர்த்தலாம். உயரமான கட்டடத்தின் செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே நிற்கும். 35 மி.மீ. படச்சுருள் கருவிகள் பரவியபோது கையடக்கம் கிடைத்தது, இவ்வசதி போயிற்று. கோபுரத்தைப் பிடிக்கக் கருவியை அண்ணாந்து பார்க்க வைத்தோம். கோடுகள் மேலே சென்று குவிந்தன. விமானம் பின்னால் சாய்ந்தது, சிகரம் சிறுத்தது.

எஸ்.எல்.ஆர். கருவிகளில் மற்றொரு சிக்கலும் சேர்ந்தது. லென்சுக்கும் படச்சுருளுக்கும் நடுவே கண்ணாடி ஒன்று மேலெழுந்து இறங்க வேண்டும். குறைந்த குவியத் தூரமுள்ள லென்ஸ் படச்சுருளை நெருங்கி அமர வேண்டியது. அதற்குக் கண்ணாடி இடம் தராது. 1950இல் பிரான்சின் ஆஞ்ஜெனியூ நிறுவனம், குவியத் தூரத்தைக் காட்டிலும் தொலைவில் அமரக்கூடிய 35 மி.மீ. லென்சை வெளியிட்டது. பின்வந்த எஸ்.எல்.ஆர். அகலக்கோண லென்சுகளுள் பெரும்பாலானவை அவ்வழியில் அமைந்தவையே. அவ்வமைப்புக்கு ஒரு விலையுண்டு. முன்னும் பின்னும் சமச்சீர் இல்லாததால், படத்தின் ஓரத்தில் விழும் நேர்கோடுகள் சற்றே வெளிப்புறம் வளையும் போக்கு இவற்றில் மிகுதி.

தூங்கானை விமானத்தைப் படமெடுப்பவர் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். எங்கே சுவர் நேராக ஓடுகிறது, எங்கே வளையத் தொடங்குகிறது என்பதே இக்கட்டடத்தின் இலக்கணம். சட்டகத்தின் கீழோரத்தில் விழும் ஜகதியும் குமுதமும் லென்சின் குறையால் வளைந்து தோன்றினால், படத்தைப் பார்ப்பவர் எந்த வளைவைச் சிற்பியுடையது என்பார்? எதைக் கண்ணாடியுடையது என்பார்?

இனிக் கணக்கு. கருவியை நிமிர்த்திப் பிடித்தால் படத்தின் உயரம் 36 மி.மீ. சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், சாய்க்காமல் வைப்பதாகக் கொள்வோம். 35 மி.மீ. லென்ஸ் தரையிலிருந்து சுமார் 4.1 மீட்டர் உயரம்வரை காட்டும், 28 மி.மீ. 4.7 மீட்டர்வரை, 24 மி.மீ. 5.25 மீட்டர்வரை, 20 மி.மீ. 6 மீட்டர்வரை. மேலே ஏறிய அளவுக்குக் கீழே வெறுந்தரையும் படத்தில் ஏறிவிடும்.

1960களின் தொடக்கத்தில் நிக்கான் வெளியிட்ட 35 மி.மீ. பி.சி. நிக்கார், பழைய லென்ஸ் பலகையின் வசதியைச் சிறு கருவிக்கு மீட்டுத் தந்தது. அதன் பிந்தைய எஃப்/2.8 வடிவில் லென்சை 11 மி.மீ. வரை நகர்த்தலாம். அதே இடத்தில் நின்று லென்சை முழுதும் உயர்த்தினால், சுமார் 5.6 மீட்டர் உயரம்வரை கோடு குலையாமல் கிடைக்கும். நகர்த்தும் 35, நகராத 24ஐ வென்றுவிடுகிறது. ஆயின் அதன் விலை மிகுதி. துளையைக் கையால் மூடித் திறக்க வேண்டும். வேலை மெதுவாகவே நடக்கும்.

அது கைக்கெட்டாதவர்களுக்கு நம் பரிந்துரை 28 மி.மீ. லென்ஸ். 20ஐ ஏன் தவிர்க்கிறோம்? தோற்ற விகிதத்தைத் தீர்மானிப்பது நாம் நிற்கும் தொலைவே. ஒரே அளவான இரு அரைத்தூண்களில் ஒன்று 3 மீட்டரிலும் மற்றது 6 மீட்டரிலும் இருந்தால், முன்னது பின்னதைப்போல் இருமடங்காகத் தெரியும். பின்வாங்கி நின்று அவற்றை 10, 13 மீட்டர் ஆக்கினால் வேறுபாடு 1.3 மடங்குதான். 20 மி.மீ. லென்ஸ் தன்னளவில் பொய் சொல்வதில்லை. பக்கத்தில் போய் நிற்கும் ஆசையை நமக்கு ஊட்டுகிறது. விகிதங்கள் கெடுவது அந்த ஆசையால். முதலில் இயன்றவரை பின்வாங்க வேண்டும். அதன்பின் அந்த இடத்துக்குப் போதுமான லென்சை மாட்ட வேண்டும். போதாத இடத்தில் டிரைப்பின் வழியே வழி: பல படங்கள், ஒவ்வொன்றும் சாயாமல்.

கையால் குவியப்படுத்தும் பழைய லென்சுகளையே நாடுவதற்கும் காரணமுண்டு. குழலின்மேல் தொலைவு அளவுகள் பொறிக்கப்பட்டிருக்கும். 28 மி.மீ. லென்சில் எஃப்/8 துளை வைத்து 3.3 மீட்டரில் நிறுத்தினால், ஏறத்தாழ 1.65 மீட்டர் முதல் கண்ணுக்கெட்டும் தொலைவுவரை தெளிவாக விழும். இருண்ட மண்டபத்தில் காட்சிச்சட்டத்தைப் பார்த்துத் தடுமாற வேண்டியதில்லை. முக்காலியில் வைத்து இயக்கலாம். நிக்கானின் ஏஐ-எஸ் வகை 28 மி.மீ. எஃப்/2.8, 20 செ.மீ. வரை நெருங்கும், பூதகணம் ஒன்றை அதன் வரிசையோடு சேர்த்துப் பதிய ஏற்றது. பென்டாக்ஸ், ஒலிம்பஸ் கருவி வைத்திருப்போர் அவ்வவற்றுக்குரிய 28 மி.மீ. லென்சைத் தேடலாம். கல்வெட்டின் எழுத்துகளைப் பதிய மட்டும் 50 மி.மீ. லென்சே நலம், அகலக்கோணத்தை அதற்குக் கொண்டுபோக வேண்டாம்.

பழைய லென்ஸ் வாங்குவோர் கைவிளக்கு ஒன்றைப் பின்புறமிருந்து அடித்துப் பார்க்க வேண்டும். நம் ஊர் ஈரத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை சிலந்திவலைபோல் படர்ந்திருக்கும். துளை இதழ்களில் எண்ணெய்க் கசிவும் இருக்கலாம். வாங்கியபின் முதற் சுருளில், செங்கல் சுவர் ஒன்றை நேர் எதிரே நின்று எடுத்துப் பார்த்தால், ஓரக்கோடுகள் எவ்வளவு வளைகின்றன என்பது தெரிந்துவிடும். அந்தப் படத்தைக் கோயிற் படங்களோடு சேர்த்தே வைத்திருப்பது நல்லது. பின்னாளில் ஆராய்பவருக்கு நம் லென்சின் குணமும் தெரிய வேண்டுமல்லவா?

உதகமண்டலத்து இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் மூடப்பட்டுவிட்டது. படச்சுருள் இன்று அருமைப் பொருள். 36 படங்களில் ஒவ்வொன்றும் எண்ணி எடுக்க வேண்டியதாயிற்று. ஒருவகையில் அது நன்மையே. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1956 முதல் திரட்டிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களால்தான், திருப்பணிகளில் உருமாறிய எத்தனையோ கோயில்களின் பழைய தோற்றத்தை நாம் அறிகிறோம். திருத்தணியில் இன்று எடுக்கும் படமும் ஒருநாள் அவ்வாறு சான்றாகக் கூடும். கருங்கல்லால் கட்டியதைக் கருங்கல்லால் கட்டியது என்றே ஓர் அரசன் பாடி வைத்தான். நம் படமும் அவ்வளவு நேர்மையாக இருந்தால் போதும்.