பவர்கட்டும் குயிக் சார்ஜும்

2012-ல எங்க பொள்ளாச்சிப் பக்கம் நாளைக்கு 10 மணி நேரத்துக்கு மேல கரண்டு இருக்காதுங்க. சென்னைக்கு 2 மணி நேரம்தான் கட்டு. இங்கே நார் மில்லெல்லாம் சும்மா நிக்கும்.

அன்னைக்குப் பெரும்பாலான சார்ஜர் 5 வாட். ஸ்மார்ட்போன் நிறைய 2 மணி நேரத்துக்கு மேல ஆகும். கரண்டோ ஒரு மணி நேரம் இருந்தா அடுத்த மணி நேரம் இருக்காது. லித்தியம் பாட்டரி முதல்ல வேகமாவும், 80 சதவீதத்துக்கு மேல மெதுவாவும் ஏறும். அதனால பாதியாவது தேறுச்சு.

குவால்காமின் குயிக் சார்ஜ் 2013-ல் அறிமுகமானது. அடுத்த பதிப்பு வோல்டேஜை 5-லிருந்து 9-க்கு உயர்த்தி 18 வாட் வரை கொடுத்தது. அது நம்மூர்க் கடைக்கு வந்து சேர்றதுக்குள்ள பவர்கட்டே குறைஞ்சு போச்சு!

அரை மணி நேரத்துல போன் நிறையுதுன்னு பெருமைப்படற தம்பிகளா, அந்த வேகம் நெசமா வேண்டியிருந்தது 2012-லதாங்க.