வாசிப்புக் கருவியும் வாசிக்கப்படும் நூலும்

வாசிப்புக் கருவி ஒன்றின் பெறுமதி அதிலுள்ள வசதிகளின் தொகையினாலன்றி, அதன் வாயிலாக வாசிக்கப்படும் நூல்களின் இயல்பினாலேயே தீர்மானிக்கப்படுதல் வேண்டும். மின்வாசிப்பான் வாங்க முனையும் இன்றைய மாணவர், எவ்வசதி வேண்டும், எது வேண்டாம் என மயங்குவது இயல்பே. ஆயின் இவ்வினா புதியதன்று. ஏட்டிலிருந்து அச்சுக்குத் தமிழ் நூல்கள் பெயர்ந்த காலத்திலும் இது எழுந்தது.

கல்முனைக்கு மேற்கே வயல்கள் சூழ அமைந்த சொறிக்கல்முனையும் அதன் அயலூர்களும் இதனை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். 1961ஆம் ஆண்டு அம்பாறை மாவட்டம் உருவாகும்வரை இப்பகுதி மட்டக்களப்பு மாவட்டத்துடன் சேர்ந்திருந்தது. சொறிக்கல்முனை திருச்சிலுவை ஆலயத்தாற் பெயர்பெற்ற கத்தோலிக்கக் கிராமம். அயலில் இந்துக்களும் முஸ்லிம்களும் வாழும் ஊர்கள் உள. இம்மூவகை மக்களின் வாசிப்பு மரபுகளும் வேறுபட்டவை. மட்டக்களப்புப் பிரதேசத்துக் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது கண்ணகி வழக்குரை பாடப்படும். ஈழத்துக் கத்தோலிக்கர் தவக்காலத்தில் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் வியாகுலப் பிரசங்கத்தை ஓதுவர். முஸ்லிம்களிடையே வலமிருந்து இடமாக எழுதப்படும் அரபுத்தமிழ் நூல்கள் வழங்கின.

ஏட்டுச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஒகரங்களிற் குறில் நெடில் வேறுபாடும் காட்டப்படுவதில்லை. செய்யுள் அடி பிரிக்கப்படாது தொடர்ந்து எழுதப்படும். எனினும் பாடுவோர் பாடலை முன்னரே செவிவழி அறிந்திருந்தமையால் இவை குறைகளாகத் தோன்றவில்லை. நூலைக் கேட்டறியாத ஒருவர் தனித்திருந்து வாசிக்கும் நிலை ஏற்பட்டபோதே அவை குறைகளாயின. 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சியந்திரசாலை நிறுவிய ஆறுமுக நாவலர், குறியீடுகளையும் சந்தி பிரித்தலையும் பேணியது இப்புதிய வாசகரைக் கருதியேயாகும். எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் மட்டக்களப்பு மான்மியத்தையும், வி. சீ. கந்தையா 1968இல் கண்ணகி வழக்குரையையும் பதிப்பித்தனர். இதனால் ஏட்டில் இருந்தவை எவரும் வாசிக்கத்தக்க நூல்களாயின.

மின்வாசிப்பான்களின் வரலாறு இதனினும் குறுகியது. மின்மைத் திரை கொண்ட முதற் கருவியைச் சோனி நிறுவனம் 2004இல் யப்பானில் வெளியிட்டது. அமேசானின் கிண்டில் 2007இல் வந்தது. இத்திரையிற் கரிய, வெண்ணிறத் துகள்கள் மின்னேற்றத்தால் இடம்பெயர்ந்து எழுத்தாகின்றன. பக்கம் மாறும்போது மட்டுமே திரைக்கு மின்சாரம் தேவைப்படும். வெயிலிலும் எழுத்துத் தெளிவாகத் தெரியும். இது பெற்றுக்கொள்ளத்தக்க வசதியே.

ஆனால் இக்கருவிகளிற் பல ஆறங்குலத் திரையுடன், கடையில் விற்கப்படும் எழுத்துவடிவ மின்னூலை நோக்கி அமைந்தவை. அமேசான் தமிழ் நூல்களை விற்கத் தொடங்கியது 2016இலேயாம். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்திற் பேணப்படும் ஈழத்து நூல்கள் பெரும்பாலும் பக்கங்களின் படங்களாகவே உள்ளன. படத்தில் எழுத்தை மட்டும் பெரிதாக்கி வரிகளை மாற்றியமைத்தல் இயலாது. எட்டரை அங்குல உயரமுள்ள அச்சுப் பக்கம் ஆறங்குலத் திரையில் ஏறத்தாழப் பாதியளவாகச் சுருங்கும். பழைய பதிப்பின் சிறிய எழுத்து வாசிக்க முடியாததாகிவிடும். பத்தங்குலத் திரையிலோ அப்பக்கம் அச்சளவை ஒத்துத் தோன்றும். ஆகவே ஈழத்து நூல்களை நாடும் மாணவருக்குத் திரையின் பரப்பே முதன்மையான வசதியாகும்.

அடுத்து வேண்டப்படுவது, எங்கிருந்து பெற்ற கோப்பினையும் ஏற்கும் இயல்பு. 2009ஆம் ஆண்டு ஜூலையில், விற்பனை உரிமை பற்றிய சிக்கலினால், வாசகர் விலைகொடுத்து வாங்கிய ஜோர்ஜ் ஓர்வெலின் நூல்களை அமேசான் அவர்களது கருவிகளிலிருந்தே அழித்தது. பின்னர் அந்நிறுவனம் மன்னிப்புக் கோரியது. ஏட்டை வைத்திருந்தவர் அதனைப் படியெடுத்து அயலவருக்கு வழங்க முடிந்தது. அவ்வுரிமையை இழந்து பெறும் வசதி எத்தகையதாயினும் அதன் பெறுமதி ஐயத்திற்குரியதே. இவற்றோடு ஒப்பிடுமிடத்து, வண்ணத்திரையும் இசை கேட்கும் வசதியும் ஆயிரக்கணக்கான நூல்களைச் சேமிக்கும் ஆற்றலும் இரண்டாம் நிலையினவே.

எனினும் எக்கருவியாலும் நிறைவுசெய்ய இயலாத குறையொன்று உண்டு. பக்கப்படத்தினுள் ஒரு சொல்லைத் தேடுதல் அரிது. பார்வைக்குறைவுடையோர்க்கு அதனைக் கருவி வாசித்துக்காட்டுதலும் அரிது. படத்திலுள்ளது எழுத்தாக மாற்றப்பட்டு, பிழைதிருத்தப்பட்ட பின்னரே இவை முற்றாகக் கைகூடும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களுக்கு இப்பணியைச் செய்து வந்துள்ளனர். கிழக்கிலங்கை நூல்களுக்கும் அத்தகைய உழைப்புத் தேவைப்படுகின்றது. நடராசாவும் கந்தையாவும் ஏட்டிலிருந்து அச்சுக்குச் செய்த பணியை, அச்சிலிருந்து மின்னெழுத்துக்குச் செய்வோர் தோன்றுதல் வேண்டும். அதுவரை சிறந்த வசதிகள் அமைந்த வாசிப்பானும் தன் ஆற்றலின் ஒரு பகுதியையே இப்பிரதேசத்து வாசகருக்கு வழங்கவல்லதாகும்.